சாமி குத்திய இடது கண்

“அம்மா, இந்தக் கண்ணுக்கு மட்டும் இன்னும் விடியல.”

திரும்பிப் பார்த்தேன். என் மகள் இசக்கி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வலது கண் என்னைப் பார்த்தது. இடது கண் பீளை கட்டி, இமை ஒட்டி, பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. சாரல் காலம். துவைத்துப் போட்ட துணி மூன்று நாளாகக் காயாமல் வீடு முழுக்க ஈர வாடை. குக்கர் இரண்டாவது விசில் அடித்தது.

நான் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ஊராரின் ரத்தம், சளி, சாப்பாட்டு நேரத்தில் சொல்லக்கூடாத மற்ற சமாச்சாரங்கள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அந்தக் கண்ணைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, மெட்ராஸ் ஐ. எப்படி வந்தது என்றும் தெரியும். முந்தின ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூரிலிருந்து நாத்தனார் தன் படையோடு வந்து எங்களைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தாள். ஆறு பிள்ளைகளுக்கு ஒரே துண்டு.

படித்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டிருக்க வேண்டும். தூக்கம் போதாமல் நின்றிருந்த நான் சொன்னது இது:

“பாத்தியா? நேத்தே சொன்னேம்லா?”

ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில் சொன்னாள்.

“சரிம்மா. நாந்தான் தள்ளுனேன்.”

விழுந்தது யார், தள்ளியது யார்

போன வாரம் இந்தப் பத்தியில் என் மாமனாரின் சமையலைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு மனிதர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அதனால் இந்த வாரம் அவரை நல்லவராகக் காட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்ல வேண்டியிருப்பதால் அது கடைசிப் பக்கம் வரை முடியாது போலிருக்கிறது.

மாமனார் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கணவருக்கு ராணுவத்தில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் எங்கள் வீட்டில் அவர் ஒரு செல்போன் திரையாகத்தான் இருப்பார். ஆகவே நான் வேலைக்குப் போனால் இசக்கியையும் ஒன்றரை வயதுத் தம்பி கார்த்தியையும் பார்த்துக்கொள்வது ஏட்டையாதான்.

கண்வலி வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது கார்த்தியின் நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு புடைப்பு.

“என்ன மாமா இது?”

“வெளையாடிக்கிட்டு இருக்கையில விழுந்துட்டான்மா” என்றார். படித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து கண்ணைக் கூட எடுக்கவில்லை.

காவல் துறையில் இப்படி ஒரு வாக்கியம் எழுதுவார்கள். விழுந்தவர் பெயர் இருக்கும், விழுந்த இடம் இருக்கும், விழுந்ததற்குக் காரணமானவர் மட்டும் இருக்க மாட்டார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. நேராக இசக்கியிடம் போனேன். அதற்கு முந்தின வாரம் மட்டும் அவள் தம்பியை இரண்டு தடவை தள்ளியிருந்தாள்.

“தள்ளுனியாட்டீ?”

“இல்லம்மா. நான் உள்ள பொம்மைக்குத் தலை சீவிக்கிட்டு இருந்தேன்.”

“பொய் சொல்லாத.”

“பொய் இல்லம்மா.”

இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற வீடுகளில் பிள்ளைகளை மிரட்ட ஆள் இருக்கிறது. எங்கள் வீட்டில் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று சொல்ல முடியாது. போலீஸ்தான் அவளைக் குளிப்பாட்டுகிறது. ஊசி போட்டுவிடுவேன் என்றும் சொல்ல முடியாது. ஊசிக்காரி நான்தான், என் கைராசி அவளுக்குத் தெரியும். மிலிட்டரி வரும் என்றால் பிள்ளைகள் சந்தோஷத்தில் குதிக்கும், அது வரும்போது சாக்லேட் கொண்டுவரும். மிச்சம் இருந்தது சாமி ஒன்றுதான்.

“பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும், தெரியும்லா?”

என் அம்மா இதை எனக்குச் சொன்னாள். அவளுக்கு அவள் அம்மா சொல்லியிருப்பாள். நான் சொன்ன பொய்க்கெல்லாம் குத்துவதாக இருந்தால் சாமிக்கு வேறு வேலைக்கே நேரம் இருந்திருக்காது. ஒரு தடவை கூடக் குத்தியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் நாம் எல்லாரும் இதைச் சொல்கிறோம். சொன்ன மறுநாள் காலையில் கண் ஒட்டிப்போய் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

பாயசம் கொடுத்த பிள்ளை

இசக்கியின் முழுப்பெயர் இசக்கியம்மாள். மாமனாரின் தாயார் பெயர். பள்ளிக்கூடத்தில் அவளை ‘இசை’ என்று கூப்பிடுவார்கள், அது நான் செய்த ஏற்பாடு. பெயர் அம்மனுடையது என்றாலும் பிள்ளை முருகன் கொடுத்தது என்பது மாமனாரின் கணக்கு.

கல்யாணமாகி மூன்று வருஷம் எனக்குக் குழந்தை இல்லை. கணவர் பத்து மாதம் எல்லையில் நின்றால் முருகனே நினைத்தாலும் என்ன செய்ய முடியும் என்று நான் கேட்கவில்லை, கேட்க நினைத்தேன். மாமனார் ஆய்க்குடி முருகனுக்குப் படிப் பாயசம் நேர்ந்துகொண்டார். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்தவர்கள் அங்கே ஆற்றங்கரைப் படியைக் கழுவி, அதில் பாயசத்தை ஊற்றுவார்கள். சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து கையால் வழித்துச் சாப்பிடும். அந்தக் கூட்டத்தில் பாலமுருகனும் ஒரு பிள்ளையாக உட்கார்ந்து நக்குவான் என்பது நம்பிக்கை.

இசக்கி பிறந்த பிறகு நேர்ச்சையைச் செலுத்தினோம். கல்படியில் பாயசம் ஓடுவதைப் பார்த்த என் மூளையில் என்னென்ன கிருமிகளின் பெயர்கள் வந்தன என்று இங்கே எழுதினால் அடுத்த வாரம் ஆசிரியருக்குக் கடிதம் குவியும். ஆனால் ஒன்று. வாய், மூக்கு, முழங்கை எல்லாம் பாயசமாக அந்தப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பைப் பார்த்து நானும் ஒரு விரல் தொட்டு நக்கினேன். நன்றாகத்தான் இருந்தது.

அதனால் ‘நீ முருகன் கொடுத்த பிள்ளை’ என்று கேட்டுக்கேட்டே இசக்கி வளர்ந்தாள். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் முருகனோடு அவளுக்குத் தனிப் பேச்சு உண்டு. முறுக்கு வாங்கினால் முதலில் அவனிடம் காட்டிவிட்டுத்தான் கடிப்பாள்.

கண்வலி வந்த அன்று மத்தியானம் பார்க்கிறேன், காலண்டர் சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்குகிறது. நாற்காலி போட்டு ஏறித் திருப்பியிருக்கிறாள்.

“ஏன்ட்டீ?”

“அவருதான் குத்துனாரு.”

“எப்படித் தெரியும்?”

“பிள்ளையார்ட்ட கொழுக்கட்டைதான் இருக்கு. அவருகிட்டதான் வேல் இருக்கு.”

விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. சின்னப் பையன் கையில் கூரான சாமானைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி முகத்தைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். அடுத்த கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

ரெண்டு கண்ணுன்னா ரெண்டு தப்பு

மெட்ராஸ் ஐ வந்த வீட்டில் அது ஒருவரோடு நிற்காது. மறுநாள் கார்த்தி.

“தம்பி என்ன தப்பு பண்ணான்?” என்றாள் இசக்கி.

கார்த்தி அந்த நேரத்தில் என் செல்போனைத் தண்ணீர்க் குடத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தான். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

பள்ளிக்கூடத்தில் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். என் வேலையிடத்திலும் வராதே என்றார்கள். நாள் முழுக்க வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. தெருவோ அந்த வாரம் சிவந்துபோய்க் கிடந்தது. எதிர்வீட்டு அக்கா இரண்டு கண்ணையும் முந்தானையால் ஒற்றிக்கொண்டு போனாள். இசக்கி என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னாள்.

“அவங்களுக்கு ரெண்டு கண்ணு. அப்போ ரெண்டு தப்பு.”

தெருமுனைக் கோயில் பூசாரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மொபெட்டில் போனார். அவள் கம்பியில் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். சாமியைத் தினமும் குளிப்பாட்டி விடுகிற ஆள், அவரையுமா?

வீடியோ காலில் என் கணவர் வந்தார். பனித்தொப்பிக்குள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“அப்பா, கண்ணக் காட்டுங்க. கிட்டத்துல.”

காட்டினார். இரண்டும் பளிச்சென்று வெள்ளை.

“அப்பா மட்டும்தான் ஒரு தப்பும் பண்ணல” என்றாள் என்னிடம்.

பிள்ளை வளர்க்கிற தப்பை எல்லாம் நான் ஒருத்தியே செய்துகொண்டிருக்க, இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் நிற்கிற மனிதருக்கு நற்சான்று. எரிச்சலில் போனை வாங்கி வைத்தேன்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, மூன்றாம் நாள் அவள் ஒன்று கேட்கிற வரைக்கும். தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன்.

“அம்மா, நான் வேற என்னெல்லாம் பண்ணுனேன்?”

“என்னதுட்டீ?”

“தம்பியத் தள்ளுனது எனக்கு ஞாபகமே இல்ல. அதே மாதிரி வேற எதாச்சும் பண்ணிருப்பேன்லா? சொல்லும்மா. மொதல்லயே சொல்லிட்டா சாமி குத்தாது.”

சீப்பு என் கையில் அப்படியே நின்றுவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளை, தான் செய்யாத தப்புகளின் பட்டியலை என்னிடம் கேட்கிறாள். ஒன்றும் பண்ணலை போ என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டேன். அவள் போனாள். நம்பினாளா என்று நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏட்டையா கொடுத்த வாக்குமூலம்

நான்காம் நாள் காலையில் மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் வந்துவிட்டது. பழைய கூலிங் கிளாஸைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இசக்கி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் அரைகுறையாகக் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

“தாத்தா, கண்ணாடியக் கழட்டுங்க.”

கழற்றினார்.

“ரெண்டுலயும் வந்துட்டு. ரெண்டு தப்பு. சொல்லுங்க.”

“போட்டீ அங்கிட்டு. தாத்தா ஒரு தப்பும் பண்ணல.”

“இப்போ பொய் சொன்னா மூணாயிரும்.”

“மூணாவது கண்ணுக்கு எங்கன போவேன்?”

“சிவனுக்கு இருக்குல்லா. உங்களுக்கும் வரும்.”

மாமனார் சிரித்தார். அவள் முக்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டு அவர் முழங்காலில் கை வைத்தாள்.

“பயப்படாதீங்க தாத்தா. நானும் சொல்லிட்டேன்லா. சொல்லிட்டா கண்ணு சரியாயிரும்.”

“நீ என்னத்தச் சொன்னே?”

“தம்பியத் தள்ளுனேன்னு.”

“நீ தள்ளுனியா?”

அவள் யோசித்தாள். அந்த யோசனை எனக்குப் பொறுக்கவில்லை.

“தெரியல. தள்ளிருப்பேன். சாமிக்குத் தெரியும்லா, எனக்குத்தான் மறந்துபோச்சு.”

மாமனாரின் சிரிப்பு நின்றது. ஸ்டேஷனில் இந்தக் குரலை அவர் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். செய்தேனா இல்லையா என்று தனக்கே குழம்பிப்போய், இவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டுகிற குரல். அதைப் பற்றி அவர் எப்போதும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. கண்ணாடியின் காதை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

“ஏட்டி, நீ தள்ளல” என்றார்.

“பின்ன?”

“தம்பி இந்த நாற்காலியப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால நின்னான். நான் பாக்கல. போன் வந்துச்சுன்னு வெடுக்குன்னு எந்திரிச்சேன். நாற்காலி சாஞ்சு, அவன் மேல விழுந்துட்டு. அதான் ஒண்ணு.”

நான் மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டேன்.

“ரெண்டு?” என்றாள் இசக்கி.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். சிவந்த கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் ஐக்கு அப்படித்தான் ஓடும்.

“ஒங்கம்மா ஒன்னைய ஏசும்போது நான் இங்கனதான் இருந்தேன். வாயத் தொறக்கல. மருமக என்ன சொல்லுவாளோன்னு பயம். அதான் ரெண்டு.”

எத்தனையோ திருடர்களைப் பார்த்த மனிதருக்கு என்னிடம் பயமாம். சண்டை போடுவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் இசக்கியின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி துணியை எடுத்துக்கொண்டேன். கோபம் துளி கூட இல்லை அந்த முகத்தில்.

“அப்போ நான் தள்ளலையா?”

“இல்லட்டி.”

“நெஜமா?”

“நெஜமா. நீ உள்ள பொம்மைக்குத் தலை சீவிக்கிட்டு இருந்தே.”

“நான் அதான் சொன்னேன்!” என்று கத்தினாள். எழுந்து குதித்தாள். வீட்டை இரண்டு சுற்று ஓடிவந்தாள். வந்தவள் சட்டென்று நின்றாள்.

“அப்போ என்னைய எதுக்குக் குத்துச்சு?”

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். இந்த வழக்கு இனி உன்னுடையது என்று அர்த்தம்.

நான் ஒளிந்துகொண்ட இடம்

அவளை மடியில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். வைரஸ் என்று ஒரு கிருமி. கண்ணுக்குத் தெரியாது. துண்டில் இருக்கும், கையில் இருக்கும். அருவியில் குளித்துவிட்டு எல்லாரும் ஒரே துண்டில் துடைத்தோமா, அதில் வந்தது. நோட்டில் கிருமியின் படம் கூட வரைந்து காட்டினேன், அதற்குக் கை கால் எல்லாம் வைத்து. நன்றாகவே நடத்தினேன்.

“அப்போ சாமி யாரையும் குத்தலையா?”

“இல்ல.”

“முருகன் குத்தலையா?”

“குத்தலட்டி.”

நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், ஏறி, காலண்டரை நேராகத் திருப்பினாள். வெகு நேரம் அதன் முன்னால் நின்றிருந்தாள்.

மாமனார் ஒரு பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து இரண்டு தப்பையும் தன் வாயால் எண்ணிச் சொன்னார். நான் வைரஸுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். பாடம் முழுக்கச் சரி. ஆனால் அதில் ‘நான் உன்னை நம்பவில்லை’ என்கிற வரி வரவே இல்லை. சாமி குத்தும் என்று சொன்னது யார் என்பதும் வரவில்லை. காரணமானவர் பெயர் இல்லாத ஏட்டையாவின் வாக்கியத்தைக் கேலி செய்கிற நான், அதே வாக்கியத்தைத்தான் விஞ்ஞானத்தில் எழுதினேன்.

மறுநாள் எனக்கு வந்தது. இரண்டு கண்ணிலும்.

மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல். பாயில் கிடந்தேன். இசக்கி வந்தாள். என் இமையை விலக்கி ஒரு கண்ணைப் பார்த்தாள், மறு கண்ணைப் பார்த்தாள். கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்றும் இருந்தேன். அவள் என் தலையைத் தடவினாள்.

“கிருமிதான்மா. நீ ஒண்ணும் பண்ணல. பயப்படாத.”

நான் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

ஆய்க்குடியில் ஒரு வரிசை

எல்லாருக்கும் கண் வெளுத்து, டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகு, இசக்கி ஆய்க்குடி போக வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. “முருகன்ட்ட பேசணும்” என்றாள், அவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை மாமனார், பிள்ளைகள், நான் எல்லாரும் பஸ்ஸில் போனோம்.

செவ்வாய்க்கிழமை என்பதால் கூட்டம். வரிசையில் நகர்ந்து நகர்ந்து சன்னதிக்கு நேராக வந்தோம். கார்த்தி தாத்தாவின் தோளில் இருந்தான். இசக்கிக்கு முருகன் தெரியவில்லை. நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் பூவுக்குள்ளே சின்னதாக நின்றான். வாசமும் புகையும் வியர்வையும். அவள் கும்பிடவில்லை. ஆள் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். ரகசியம் பேசுகிற குரல்தான், ஆனால் அது என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

“முருகா, நீதான் குத்துனேன்னு நெனச்சிட்டேன். ஒங்கிட்ட கேக்கவே இல்ல. நீ குத்தலையாம்லா. ஒன்னையத் திருப்பி வேற வச்சிட்டேன். தப்புதான். ஸாரி.”

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். என்னால் நகர முடியவில்லை. கேட்காமலே பழி போட்டதற்கு ஐந்து வயதுப் பிள்ளை பஸ் ஏறி வந்து மன்னிப்புக் கேட்கிறாள். அதே மாதிரிப் பழியை நானும் அவள் மேல் போட்டிருந்தேன். பத்து நாளாக ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையை நான் அவளிடம் சொல்லவில்லை.

“இசக்கி” என்றேன். “நானும் ஒன்ட்ட கேக்காமத்தான் ஏசிட்டேன். நீ உண்மையச் சொன்னே. அம்மா நம்பல. ஸாரிட்டீ.”

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். உடனே கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

“சத்தமா சொல்லு” என்றாள். “நீ ஏசுனது அன்னிக்கு வாசல் வரைக்கும் கேட்டுச்சு.”

கருவறைக்கு முன்னால், கையில் தேங்காய்த் தட்டோடு நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மாமனாரும் பார்த்தார். பிறகுதான் என் கழுத்தைச் சுற்றி அவள் கை விழுந்தது.